வாடிக்கையாளர் மெயில்கள்: கேள்வி பதில்

கேள்வி: இன்பாக்ஸில் ஆறாயிரத்துக்கு மேல் படிக்காத மெயில்கள் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பழையதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு மாதத்துக்கு முந்தைய எல்லாவற்றையும் மொத்தமாக ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். அழிக்க வேண்டாம். ஜிமெயிலில் அழித்தவை 30 நாளில் குப்பைத் தொட்டியிலிருந்தும் போய்விடும். ஆர்க்கைவ் செய்தவை தேடினால் எப்போதும் கிடைக்கும். மிச்சமிருக்கும் ஒரு மாத மெயில்களில், உங்கள் பதிலுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். விளம்பரம், ரசீது, அறிவிப்பு எல்லாவற்றுக்கும் ஃபில்டர் போட்டு, நேராக வேறு லேபிளுக்குப் போகும்படி செய்துவிடுங்கள்.

கேள்வி: உடைந்த பொருள் பற்றிப் புகார் வந்தது. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது. விரைவில் தொடர்பு கொள்வோம்" என்று மரியாதையாகத்தான் எழுதினேன். அவர் இன்னும் கோபமாகிவிட்டார். ஏன்?

மரியாதை இருக்கிறது, ஆனால் அவருக்கான பதில் ஒன்றுகூட இல்லை. இந்த மூன்று வரியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அது அவருக்கும் தெரியும். தான் எழுதியதை யாரும் படிக்கவே இல்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"உங்களுக்கு வந்த அலமாரியின் மேல்தட்டு உடைந்திருப்பதை நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். தவறு எங்களுடையது, மன்னியுங்கள். புதிய தட்டை நாளை அனுப்புகிறோம், வியாழக்கிழமைக்குள் வந்துவிடும். உடைந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை."

என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது, அவர் என்ன செய்ய வேண்டும்: நான்கும் இதில் இருக்கின்றன. "விரைவில்" என்ற சொல்லை வாடிக்கையாளர் மெயிலிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள் என்பேன். உங்களுக்கே இன்னும் விடை தெரியாவிட்டால், "விசாரித்துவிட்டு புதன் மாலைக்குள் எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள். அப்புறம், புதன் மாலை புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும் அதையாவது எழுதிவிடுங்கள். சொன்ன நாளில் மெயில் வந்துவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

கேள்வி: ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். டெம்ப்ளேட் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஜிமெயில் செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் அந்த வசதி இருக்கிறது. முதல் வரியை மட்டும் காலியாக விட்டு, ஒவ்வொரு முறையும் கையால் எழுதுங்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் பழைய பெயர் எதையும் வைக்காமல் #### என்று போட்டுவையுங்கள். அனுப்பும் முன் கண்ணில் படும்.

கேள்வி: சப்ஜெக்டில் என்ன எழுதுவது?

ஆர்டர் எண், அடுத்து விஷயம். "வணக்கம்", "முக்கியம்" எல்லாம் வேண்டாம். போனில் முதல் சில சொற்கள்தான் தெரியும்.

கேள்வி: அவசரத்தில் பாதி எழுதிய மெயில் போய்விடுகிறது.

ஜிமெயில் செட்டிங்ஸில் 'அன்டூ சென்ட்' (அனுப்பியதை உடனே திரும்பப் பெறும் வசதி) நேரத்தை 30 விநாடியாக மாற்றுங்கள், அதுதான் அதிகபட்சம். கோபமான மெயிலுக்குப் பதில் எழுதும்போது பெறுநர் முகவரியை எடுத்துவிட்டு எழுதி, கடைசியில் போடுங்கள்.

கேள்வி: முன்னூறு வாடிக்கையாளர்களுக்கு ஒரே அறிவிப்பு அனுப்ப வேண்டும். எல்லா முகவரியையும் 'டு'வில் போடலாமா?

கூடவே கூடாது. ஒருவரின் முகவரியை மற்ற 299 பேருக்கும் கொடுத்தது போல ஆகிவிடும். 'பிசிசி' என்ற பெட்டியில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் மறையும்; ஆனால் சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பெறுநர்கள்தான் எல்லை. அடிக்கடி அனுப்புவதாக இருந்தால் அதற்கென்று இருக்கும் மெயில் சேவைக்கு மாறுங்கள். சொந்த டொமைன் (உங்கள் நிறுவனப் பெயரில் முடியும் மெயில் முகவரி) என்றால், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்பாமில் விழ வாய்ப்பு அதிகம். இனி வேண்டாம் என்பவர் எளிதாக விலகிக்கொள்ள ஒரு இணைப்பும் கட்டாயம் வையுங்கள்.

கேள்வி: இரவு பதினொரு மணிக்கு வரும் மெயிலுக்கு உடனே பதில் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். ஒருமுறை சொன்னால் அடுத்த முறையும் அதே நேரத்தில் எதிர்பார்ப்பார்கள். மனதில் உறுத்தினால் எழுதிவிட்டு, காலை ஒன்பது மணிக்குப் போகும்படி 'ஷெட்யூல் சென்ட்' போட்டுத் தூங்கப் போங்கள்.