வாசகர் கேள்வி பதில்: உக்குவதும் உக்காததும்

கேள்வி: இயற்கைப் பல்பகுதியங்கள் (பொலிமர்கள்) உக்கும், செயற்கையானவை உக்கமாட்டா என்று உயர்தரத்தில் படிக்கும் என் மகள் குறிப்பெழுதி வைத்திருக்கிறாள். அப்படியானால் இறப்பர் பாலில் இருந்து வரும் லொறி டயர் ஏன் உக்குவதில்லை?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்தக் குறிப்பு பாதிதான் சரி. இயற்கை, செயற்கை என்ற பிரிப்பு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிப்பது சங்கிலியின் கட்டமைப்பே. ஒருபகுதியங்கள் எனப்படும் சிறு அலகுகள் வலுவான பிணைப்புகளால் தொடுக்கப்பட்ட மிக நீண்ட மூலக்கூறே பல்பகுதியம் என்று 1920 இல் ஜேர்மன் வேதியியலாளர் ஹேர்மன் ஸ்டவுடிங்கர் எழுதியபோது, சிறு மூலக்கூறுகளின் திரள்களே அவை என்று கருதிய வேதியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953 இல்தான்.

சோற்றிலுள்ள மாப்பொருளும் பருத்தித் துணியின் செலுலோசும் குளுக்கோசால் ஆனவை. குளுக்கோசு அலகுகள் தொடுக்கப்படும் திசைதான் வேறு: முன்னதில் அல்பா இணைப்பு, பின்னதில் பீற்றா இணைப்பு. இந்த ஒரு வேறுபாட்டால் ஒன்று நமக்குச் செரிக்கிறது, மற்றது செரிப்பதில்லை. இறப்பரிலும் இதே கதைதான். அதன் அலகுகளான ஐசோப்பிரீன்கள் சிஸ் வடிவில் (சங்கிலி இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகத் தொடரும்படி) தொடுக்கப்பட்டால், நெருங்கி அடுக்கப்பட முடியாமல் சுருண்டு கிடக்கும் சங்கிலி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். திரான்ஸ் வடிவில் (எதிரெதிர்ப் பக்கங்களில் தொடரும்படி) தொடுக்கப்பட்டாலோ, ஒருகாலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட, விறைப்பான குட்டாப்பேர்ச்சா கிடைக்கும். இரண்டும் மரத்துப் பால்தான்.

இனி டயருக்கு வருவோம். 1839 இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி இறப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கும்போது, சங்கிலிகளுக்கிடையே கந்தகக் குறுக்கிணைப்புகள் உருவாகி அது ஒரே வலையாகிவிடுகிறது. அந்த வலையையும், அதனுடன் கலந்த காபன் கரியையும் ஒட்சியேற்ற எதிரிகளையும் தாண்டி நுண்ணுயிர்கள் எளிதில் நுழைய முடிவதில்லை. மரம் தந்த பொருளை நாம்தான் உக்காததாக்கினோம்.

பொலித்தீன் உக்காததற்குக் காரணம் வேறு. எதீன் மூலக்கூறுகள் எதையும் இழக்காமல் கூட்டற் பல்பகுதியமாக்கலால் இணைவதால் முதுகெலும்பு முழுவதும் காபன்-காபன் பிணைப்பாகவே இருக்கிறது. நுண்ணுயிர்களின் நொதியம் (என்சைம்) நீரைச் சேர்த்து வெட்டக்கூடிய இடம் அதில் இல்லை. நைலோன் 6,6 நீரை வெளியேற்றி ஒடுங்கல் முறையில் உருவாகிறது. புரதத்தில் இருப்பதைப் போன்ற அமைட்டு இணைப்பே அதிலும் உண்டு. ஆனாலும் சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புகளால் இறுக அடுக்கப்பட்டிருப்பதால் அது இலகுவில் உக்காது. மாறாக, தொழிற்சாலையில் செய்யப்படும் பொலிலக்டிக் அமிலம் என்ற பிளாஸ்ரிக் வெப்பமான கூட்டெருக் குவியலில் உக்கிவிடும். வீட்டு முற்றத்தில் புதைத்துவிட்டு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பழைய பிளாஸ்ரிக் வாளியை உருக்கலாம், சட்டிக் கைப்பிடியை உருக்க முடியாதாமே?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உண்மைதான். வாளியின் சங்கிலிகள் தனித்தனியானவை. சூட்டில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். 1907 இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட் வகைக் கைப்பிடியோ முப்பரிமாண வலை. மேலும் சூடாக்கினால் உருகாது, கருகும்.