ஆங்கிலிக்கன் கத்தோலிக்கத் திருச்சபை என்றால் என்ன? ஏன் தனியே பிரிந்தது?

இங்கிலாந்துத் திருச்சபையின் வழியில் உலகெங்கும் வளர்ந்தவர்களை ஆங்கிலிக்கன்கள் என்கிறோம். அவர்களில், பழைய முறையை விடமாட்டோம் என்று தனியே நிற்கும் சிறிய சபைகளில் ஒன்றுதான் இது.

1976-இல் அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோபல் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தர முடிவெடுத்தது. வழிபாட்டு முறைகளும் ஜெபங்களும் அடங்கிய ஜெபப் புத்தகத்தையும் மாற்றத் தொடங்கியது. இதை ஏற்காதவர்கள் 1977-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 1978 ஜனவரியில் டென்வரில் அவர்களுக்கு முதல் ஆயர்கள் (பிஷப்புகள்) அபிஷேகம் பெற்றார்கள். இந்தச் சபை அப்படித்தான் உருவானது.

வெறும் பெண்கள் பிரச்சினையாக இதைச் சுருக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. அவர்கள் கேட்டது அதிகாரம் பற்றிய கேள்வி: அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி வந்த ஒன்றை, ஒரு நாட்டின் சபை மட்டும் ஓட்டுப் போட்டு மாற்றலாமா? மாற்றலாம் என்று நம்புகிறவர்களும் அதே வேதத்தைப் படித்துத்தான் சொல்கிறார்கள், அதையும் மறக்க வேண்டாம். பிரிந்து போனவர்களோ ஞானஸ்நானம், நற்கருணை போன்ற ஏழு திருவருட்சாதனங்கள், ஆதித் திருச்சபையின் ஆயர்கள் கூடி முடிவெடுத்த ஏழு பொதுச்சங்கங்கள் ஆகியவற்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1928-ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகம் இன்றும் அவர்கள் கையில் இருக்கிறது.

பூர்வீக வீட்டை நினைத்துப் பாருங்கள். அண்ணன் தம்பிகளில் பலர் அதை இடித்துக் கட்டலாம் என்கிறார்கள். ஒருவர் மட்டும், "இது நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது, நமக்கு அந்த உரிமை இல்லை" என்று குத்துவிளக்கோடு வெளியேறி வேறு இடத்தில் அதே முறையில் விளக்கேற்றுகிறார். ஏறக்குறைய அப்படி.

அப்புறம், பெயரில் 'கத்தோலிக்க' என்று இருப்பதால் போப்பாண்டவரின் கீழ் உள்ளவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ரோமோடும் சரி, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயரோடும் சரி, இவர்களுக்குச் சபை ஐக்கியம் கிடையாது.