பன்னிரண்டு ரூபாய் டீ

அன்புள்ள ஐயா,
சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் மூன்று டீக்கடைகள். ஒன்றில் டீ 12 ரூபாய், எதிர்க்கடையில் 15, ஏசி போட்ட கடையில் 40. பாலும் சிலிண்டரும் எல்லோருக்கும் ஒரே விலைதானே? கேட்டால் "சிலிண்டர் ஏறிடுச்சு" என்கிறார்கள். அது இறங்கும்போது டீ ஏன் இறங்குவதில்லை?
ரா.

அன்புள்ள ரா.,

நியாயமான எரிச்சல்தான். கடைக்கு வரும் 19 கிலோ சிலிண்டர் 2022 மே மாதம் சென்னையில் 2,508 ரூபாய்க்குப் போனது. அடுத்த ஆண்டு 2,000-க்குக் கீழே வந்தது. டீ அசையவில்லை.

பாலை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், மாதாந்திரப் பால் அட்டை இல்லாதவர்களுக்கு, லிட்டர் 48-லிருந்து 60 ஆனது. லிட்டருக்குப் பதினைந்து டீ என்று வைத்தாலும் ஒரு டீக்கு 80 பைசாதான் கூடுகிறது. 80 பைசாவை யாரிடம் கேட்பது? எதிர்க்கடைக்காரர் ஏற்றாதவரை இவர் ஏற்றவும் பயம். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். கிளாஸ் சின்னதாகும், வடை இளைக்கும் (வடையின் ஓட்டை மட்டும் இளைக்காது). பிறகு வாடகையோ மாஸ்டர் சம்பளமோ கூடும்போது ஒரேயடியாக மூன்று ரூபாய் ஏறும். அதில் பழைய பாக்கியும் இருக்கிறது, அடுத்த ஏற்றத்துக்கான முன்பணமும் இருக்கிறது. சிலிண்டர் இறங்கினால் அவர் மூச்சு விடுகிறார், அவ்வளவுதான். பிஸ்கட் பாக்கெட் மாதிரி டீயில் விலை அச்சடித்திருக்கவும் இல்லை.

உங்கள் 12 ரூபாய்க்காரருக்குச் சொந்த இடமாக இருக்கலாம். இல்லையென்றால், விலை ஏறினால் அடுத்த தெருவுக்குப் போய்விடும் ஆட்டோக்காரர்களை நம்பிக் கடை நடத்துகிறவராக இருக்கலாம்.

என்னை உறுத்துவது வேறு. 40 ரூபாய் டீயில் பாலும் காஸும் சிறு பங்கு. மிச்சமெல்லாம் வாடகை, கரண்ட், நாற்காலி. அங்கே ஐந்து ரூபாய் ஏற்றினால் 12.5 சதவீதம். 12 ரூபாய் டீ 15 ஆனால் 25 சதவீதம். மலிவான டீ குடிக்கிறவருக்குத்தான் அடி பலமாக விழுகிறது.

எங்கள் முனைக்கடையில் பத்து ரூபாய் டீ 15 ஆன வாரம், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் "ஒன் பை டூ" (ஒரு டீயை இருவருக்குப் பிரித்து) கேட்க ஆரம்பித்தார்கள். ஏசிக் கடையில் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.