கைப்பேசிதான் தூக்கத்தைக் கெடுக்கிறதா?

"கைப்பேசியை அதிகம் பார்க்கும் மாணவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று என் கணக்கெடுப்பில் தெரிகிறது. கைப்பேசிதான் காரணம் என்று எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதக்கூடாது. நீங்கள் செய்தது ஒட்டுறவு ஆய்வு. எதையும் மாற்றிப் பார்க்கவில்லை. இருப்பதை இருந்தபடி அளந்தீர்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டுமே அது காட்டும். தூக்கம் வராததால்கூடக் கைப்பேசியை எடுத்திருக்கலாம். தேர்வுக் கவலை இரண்டுக்கும் காரணமாக இருக்கலாம்.

மலேசியாவின் பினாங்கு ரோட்டில் செண்டோல் (தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்ந்த குளிர்ச்சியான இனிப்பு) அமோகமாக விற்கும் நாளில் வீடுகளில் சண்டையும் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். பழி செண்டோலுக்கா, வெயிலுக்கா? (எங்கள் வீட்டில் செண்டோல்தான் சமாதானத் தூதர், அது வேறு கதை.)

இரண்டு அளவுகளின் தொடர்பை ஒரே எண்ணில் சொல்வது ஒட்டுறவுக் கெழு. அது -1 முதல் +1 வரை அமையும். குறி திசையைச் சொல்லும் (+ என்றால் இரண்டும் சேர்ந்து ஏறும், - என்றால் ஒன்று ஏற மற்றது இறங்கும்), எண் வலுவைச் சொல்லும். ஆகவே -0.6 என்பது +0.4ஐவிட வலுவானது, பலர் சறுக்குவது இங்கேதான். 0 வந்தாலும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வழக்கமாகக் கணக்கிடப்படும் ஒட்டுறவுக் கெழுவான பியர்சன் கெழு நேர்கோட்டுத் தொடர்பையே அளக்கிறது. வளைந்து செல்லும் உறவு அதன் கண்ணில் படாமல் போகலாம்.

அதற்காக இந்த முறையை இளக்காரமாக நினைக்கவேண்டாம். அடிவாங்கி வளர்வதன் விளைவை அறிய, பிள்ளைகளை அடித்துப் பார்த்தா சோதிக்க முடியும்? அங்கே ஒட்டுறவு ஆய்வுதான் கைகொடுக்கும்.