இணையம் படிக்க மட்டும் ஒரு டேப்லட்: செட்டிநாட்டு வீட்டுக்கு எது சரிப்படும்?

“காரைக்குடியில் இருக்கும் அப்பச்சிக்கு எழுபது வயதாகிறது. செய்தி படிக்கவும் அரசுத் தளங்களைப் பார்க்கவும் டேப்லட் வேண்டும், கேம் எதுவும் கிடையாது. 20,000 ரூபாய்க்குள் எது வாங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். (அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா.) இதே தேவைக்கு நான் இரண்டு தடவை வாங்கியவன். முதல் தடவை காசைக் கரியாக்கினேன்.

பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் அப்பச்சிக்காக, தள்ளுபடியில் கிடைத்த ஒரு 10 அங்குல டேப்லட்டை ஆன்லைனில் வாங்கினேன். பெரிய திரை, சின்ன விலை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, எழுத்தெல்லாம் ஊறின அரிசி மாதிரி உப்பிக் கிடக்கு?” என்றார். கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்றுதான் நினைத்தேன். கோளாறு திரையில் இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக அதில் இருந்த ஒளிப்புள்ளிகள் 1280×800. 10.1 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 149 புள்ளிதான் வரும். ஆங்கில எழுத்துக்கு அது ஒப்பேறும். ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் சுழி எண்ணிப் படிக்கிற நம் எழுத்துக்குப் போதாது, மெய்யெழுத்தின் மேலே இருக்கும் புள்ளியும் கரைந்துபோகும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். அதே அளவுத் திரை 1920×1200 என்றால் 224 புள்ளி கிடைக்கும், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எங்கள் பக்கம் புள்ளி என்றால் குடும்பக் கணக்கு. கோயில் வரியே புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். டேப்லட் கடையிலும் முதலில் புள்ளிக் கணக்கைக் கேளுங்கள், பிராசஸர் பெயரெல்லாம் பிறகு.

அடுத்து வைஃபை. நகரத்து ஃபிளாட்டில் இருப்பவர்கள் எழுதும் விமர்சனங்களில் இது வராது. நம் வீடுகளில் ஃபைபர் இணைப்பு முகப்போடு நின்றுவிடும், ரவுட்டரும் அங்கேயேதான். அப்பச்சி படிப்பதோ வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில். நடுவில் கையகலத்துக்கு மேல் கனமான சுண்ணாம்புச் சுவர்கள். போதாததற்குத் தேக்குக் கதவு வேறு. ரவுட்டர் தரும் இரண்டு அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் துளைப்பதில் சோப்ளாங்கி. 2.4 கிகாஹெர்ட்ஸில் வேகம் குறைந்தாலும் உள்ளே கொஞ்சம் கூடுதலாக எட்டும், செய்தி படிக்க அது தாராளம். ரவுட்டரை முகப்பின் மூலையிலிருந்து எடுத்து வளவை, அதாவது நடு முற்றப் பகுதியை, பார்த்த மாதிரி வைத்தேன். திறந்த முற்றத்தின் வழியே சிக்னல் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திய அறைக்குள் மட்டும் இன்னும் கிடைக்காது. அதனால் இரண்டாம் தடவை சிம் போடும் மாடலாகவே வாங்கினேன். சில ஆயிரம் கூடும்தான். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவருக்கு அது வீண் செலவில்லை என்பது என் கருத்து.

ரேம், அதாவது திறந்து வைத்த பக்கங்களைத் தாங்கும் நினைவகம், 4 ஜிபிக்குக் குறையவே கூடாது, 6 அல்லது 8 கிடைத்தால் நல்லது. பழையதில் 2 ஜிபி. அப்பச்சி வில்லங்கச் சான்று பார்க்கச் சர்வே எண்ணெல்லாம் தட்டிவிட்டு, சரிதானா என்று வாட்ஸ்அப்பில் வந்த பத்திரப் படத்தைப் பார்க்கப் போவார். திரும்பி வந்தால் பக்கம் புதிதாக லோட் ஆகி, தட்டினதெல்லாம் காலி. இடம் பற்றாமல் பழைய பக்கத்தை ஆண்ட்ராய்ட் தானே கழற்றிவிட்டு விடுகிறது. பாவம், அவர் தன் விரலைத்தான் திட்டிக்கொண்டார்.

ஆண்ட்ராய்ட் எத்தனையாவது பதிப்பு, இன்னும் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்றும் கேளுங்கள். 2025-ல் வந்த குரோம் 139 உலாவிக்குக் குறைந்தது ஆண்ட்ராய்ட் 10 வேண்டும். எங்கள் பழையது 8-லேயே நின்றுவிட்டது. உலாவிக்காகவே வாங்கும் பொருளில் உலாவி பழையதாகிவிட்டால் மிச்சம் என்ன?

உங்கள் தொகைக்குச் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் மாதிரியானவற்றைப் பாருங்கள்: 11 அங்குலம், 1920×1200. பிளஸ் இல்லாத ஏ9 கைக்கு லேசு, ஆனால் 8.7 அங்குலத்தில் 1340×800தான், தமிழுக்கு நான் சொல்ல மாட்டேன். ஐபேட் உங்கள் தொகையைத் தாண்டும். அதன் நல்ல குணம் ஒன்று: 2019-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் அதன் உலாவியான சஃபாரி தளங்களைப் பெரும்பாலும் கணினி வடிவத்திலேயே திறக்கிறது. ஆண்ட்ராய்டில் அரசுத் தளம் ஏதாவது இடக்குப் பண்ணினால் குரோமின் மூன்று புள்ளி மெனுவில் ‘டெஸ்க்டாப் தளம்’ என்பதை அப்பச்சிக்கு ஒருமுறை காட்டிக்கொடுங்கள், போதும்.

அப்புறம், அரைக் கிலோ எடையைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் படிக்க முடியாது. நிறுத்தி வைக்கிற மாதிரி மடக்கும் கவர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு காரைக்குடி செக்காலை ரோடு பக்கம் போய், கடையில் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து கையில் கொடுங்கள். எங்கள் அப்பச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தரம், போட்டுக்கொண்டு ஒரு தரம் படித்துப் பார்த்தார். கடைக்காரத் தம்பி கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பச்சி நிமிரவே இல்லை, தங்கம் விலை வரைக்கும் போய்விட்டிருந்தார்.