கதைசொல்லலை முறையாகப் படிக்க முடியுமா? சேலத்தில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். தமிழில் பி.ஏ. முடித்துவிட்டு சேலத்துப் பள்ளிகளில் கதை சொல்லி வருகிறீர்கள். நடனம், நாடகம் போல வாய்மொழிக் கதைசொல்லலையும் ஒரு நிகழ்த்துகலையாகப் படிக்க முடியுமா, 'கலைவழி ஆய்வு' என்கிறார்களே அது என்ன, ஊரைவிட்டுப் போகாமல் ஏதாவது செய்ய முடியுமா? இவ்வளவுதானே.

முடியும். ஆனால் 'கதைசொல்லல் பயிற்சி' என்ற பெயரில் இன்று விற்கப்படுவதில் பாதி நீங்கள் தேடுவது இல்லை. வார இறுதிப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்தால் குரலை ஏற்றி இறக்கவும், கண்ணைப் பார்த்துப் பேசவும் சொல்லிக்கொடுத்து மாலையில் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். அலுவலகக் கூட்டத்தில் பேசுகிறவருக்கு அது போதும். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகள் முன்னால் நின்று பழகிய உங்களுக்கு அதில் புதிதாக எதுவும் கிடைக்காது.

இன்னொரு பக்கம் நாட்டார் வழக்காற்றியல் இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இதற்கென்றே துறை உண்டு. நான் வந்ததும் இந்த வழியில்தான். கதையைச் சேகரிக்கவும், வகைப்படுத்தவும், ஒரு கதை ஏன் ஒரு சாதியில் ஒரு மாதிரியும் அடுத்த சாதியில் வேறு மாதிரியும் சொல்லப்படுகிறது என்று பார்க்கவும் நன்றாகவே கற்றுத்தருவார்கள். நல்ல படிப்பு, குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நீங்கள் கேட்கிற ஆள். கதை சொல்கிற ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார். நீங்கள் ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்.

கலைவழி ஆய்வு இந்த இருக்கையை மாற்றிப் போடுகிறது. 1993ல் லண்டனில் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் என்பவர் ஒரு கட்டுரையில் கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலை வழியாகச் செய்யும் ஆய்வு என்று பிரித்துக் காட்டினார். கடைசியாகச் சொன்னதைச் சுற்றித்தான் இன்றுவரை விவாதம். கதை சொல்லிப் பார்த்தால் மட்டுமே விடை தெரியக்கூடிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வது, சொல்லிப் பார்ப்பது, நடந்ததை மற்றவர்களும் பார்த்து விவாதிக்கும்படி பதிவு செய்து வைப்பது. இந்த மூன்றும் இருந்தால்தான் அது ஆய்வு. மூன்றாவது இல்லாவிட்டால் அது நல்ல நிகழ்ச்சி, அவ்வளவுதான்.

சரி, 'சொல்லிப் பார்த்தால் மட்டுமே தெரியும் கேள்வி' என்றால்? இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் யூகோஸ்லாவியாவில் நடந்தது. மில்மன் பாரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1930களில் அங்கே ஊர் ஊராகப் போய் வாய்மொழிக் காவியம் பாடுகிறவர்களைப் பதிவு செய்தார். அவ்தோ மெஜெதோவிச் என்று ஒரு பாடகர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அதுவரை கேட்டிராத ஒரு பாட்டை இன்னொரு பாடகரைப் பாடவிட்டு, அவ்தோவைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வைத்தார்கள். அது 2,294 அடி. முடிந்ததும் "இதை நீங்கள் பாட முடியுமா?" என்று கேட்டார்கள். பாடினார். 6,313 அடி வந்தது! கதை அதேதான். குதிரையின் அலங்காரம், சபையில் உட்கார்ந்திருப்பவரின் மனக்கவலை என்று ஒவ்வொன்றும் விரிந்திருந்தது. மனப்பாடம் செய்து ஒப்பிப்பது அல்ல, பாடும்போதே கட்டிக்கொண்டு போவதுதான் இந்தக் கலை என்பதற்கு பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் காட்டிய பெரிய சான்றுகளில் இது ஒன்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேள்வி பாரியுடையது. அவ்தோ சோதிக்கப்பட்டவர். எந்த இடத்தில் விரித்தோம், ஏன் விரித்தோம், எதிரே யார் முகத்தைப் பார்த்து விரித்தோம் என்று அவ்தோவே தன்னைக் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை வேறு மாதிரி பாடிப் பார்த்து, அதையும் பதிவு செய்து வைத்திருந்தால் அதுதான் கலைவழி ஆய்வு. இதற்குப் பெரிய கோட்பாடெல்லாம் தேவையில்லை என்பது என் கட்சி. சில ஆய்வேடுகளைப் படித்தால் கதையைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்.

நம் பக்கத்திலும் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களில் காங்கேயம் பகுதியில் தங்கி அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தார். அதன் நாயகர்களான பொன்னர் சங்கர் என்றால் எடப்பாடி, சங்ககிரிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். இரவு இரவாக உடுக்கையோடு கூட்டத்தின் முன் பாடியது ஒரு வடிவம். எழுதிக்கொள்வதற்காக அதே பாடகர் வாயால் சொன்னது இன்னொன்று. இரண்டையும் வைத்து ஒப்பிட்டிருக்கிறார். கூட்டம் முன்னால் இருக்கும்போது கதைக்கு என்ன நடக்கிறது என்று யோசிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதையே சின்ன அளவில் ஏற்காட்டில் நான் பார்த்திருக்கிறேன். சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினரிடம் (கேரளத்து மலையாளிகள் அல்ல) ஒரு பூர்வீகக் கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவரில் மூத்தவர் சேர்வராயனில் தங்க, மற்ற இருவரும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்று. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் எழுதி 1909ல் வெளிவந்த தொகுதிகளிலும் இந்தக் கதை இருக்கிறது. மேலே ஓர் ஊரில் ஒரு தாத்தா இதை எனக்குச் சொன்னார். போனை எடுத்து வைத்தேனோ இல்லையோ, தாலுகா ஆபீசில் மனு கொடுப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். யார் எங்கிருந்து வந்தார்கள், யார் வம்சம் யார் என்று சொல்லி ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். அப்புறம் காபிக்கொட்டை காயப்போட்டிருந்த களத்தில் பேரன் வந்து உட்கார்ந்தான். "அத்தன தூரம் நடந்தாங்களே, சோறு யாரு தாத்தா ஆக்கிப் போட்டா?" என்றான். அவ்வளவுதான், கதை திரும்பவும் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பியது. வழியில் சமைத்தது, மழையில் நனைந்தது, தம்பி கோபித்துக்கொண்டது எல்லாம் வந்தன. பேரன் 'உம்' கொட்ட மறந்தால் தாத்தா நிறுத்திவிடுவார். அவன் கொட்டினால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள் அந்த அண்ணன் தம்பிகள்.

எனவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கேட்பவரைப் படியுங்கள். குரல், முகபாவம், கதைத் தேர்வு எல்லாம் பின்னால் வரும். 'உம்' கொட்டும் ஆள் இருந்தால் என் கதை எங்கே நீள்கிறது, இல்லாவிட்டால் எங்கே சுருங்குகிறது என்பது நீங்கள் இந்த வாரமே தொடங்கக்கூடிய ஆய்வு. ஒரே கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தியை 'உம்' கொட்டச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லுங்கள். பிறகு முதியோர் இல்லத்தில் சொல்லிப் பாருங்கள். ஒலிப்பதிவு செய்யுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. சொல்லி முடித்த அன்றே, மறப்பதற்கு முன், எந்த இடத்தில் தடுமாறினீர்கள், எந்த முகத்தைப் பார்த்து எதைச் சேர்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். மறுநாள் எழுதினால் நம்மைப் பற்றி நாமே நல்ல கதையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஒரு எச்சரிக்கை. மலையிலிருந்து கேட்ட பூர்வீகக் கதையைக் கீழே கொண்டுவந்து மேடையில் சொல்வது வேறு விஷயம். அது அவர்கள் சாமியோடும் நிலத்தோடும் ஒட்டிய கதை. கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நான் அதைப் பள்ளிகளில் சொல்வதில்லை.

வெளிநாட்டுப் படிப்பு என்று பார்த்தால், அமெரிக்காவில் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் கதைசொல்லலில் முதுகலையே இருக்கிறது. 1973 முதல் தேசியக் கதைசொல்லல் விழா நடக்கும் ஜோன்ஸ்பரோ அதற்கு மிகப் பக்கம். பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கதைசொல்லலுக்கென்று ஆய்வு மையம் உண்டு. நார்வேயின் ஆஸ்லோவில் வாய்மொழிக் கதைசொல்லலைப் பல்கலைக்கழகப் பாடமாகவே நடத்துகிறார்கள். கலைவழி ஆய்வு என்றால் நார்வே பக்கம்தான் கொஞ்சம் வலுவாக இருக்கிறது. 2003ல் அதற்கென்று உதவித்தொகைத் திட்டம் தொடங்கி, 2018ல் முனைவர் பட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள். 'ரிசர்ச் கேட்டலாக்' என்ற இணையதளத்தில் இத்தகைய ஆய்வுகள் காணொளி, ஒலி, எழுத்து எல்லாம் ஒரே பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விண்ணப்பம் போடுவதற்கு முன் அதில் நாலைந்தைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். கையில் ஒன்றுமில்லாமல் அங்கே போவதைவிட, ஒரு வருடப் பதிவுகளோடு விண்ணப்பிப்பது நல்லது.

அதற்கு முன் கூத்து பார்க்க வேண்டும். விடிய விடியப் பார்க்க வேண்டும், இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு பைக்கை எடுக்கக்கூடாது. அதிகாலை மூன்று மணிக்குப் பாதிக் கூட்டம் தூங்கிக்கொண்டிருக்கும்போது கோமாளி என்ன செய்கிறார் என்று பாருங்கள். தூங்குகிறவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கதைக்குள் இழுத்துவிடுவார். துரியோதனன் சபையில் உங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் நிற்பார். இதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித்தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து வரும் 'மணல்வீடு' இதழைத் தேடிப் படியுங்கள். இந்தப் பகுதிக் கூத்துக் கலைஞர்களைப் பற்றி அக்கறையோடு எழுதுபவர்கள் அவர்கள்.

மேச்சேரி, ஜலகண்டபுரம் பக்கம் கோயில் நோம்பிக் காலத்தில் விசாரித்தால் எந்த ஊரில் எந்த ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடுகிறது என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். போனதும் முதலில் ஜமாவை நடத்தும் வாத்தியாரைப் பார்த்து, படிக்கிற ஆள், கதை சொல்கிற ஆள் என்று சொல்லிவிடுங்கள். வேஷம் கட்டும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். பதிவு செய்வதாக இருந்தால் தொகையை முன்னமே பேசிக் கொடுத்துவிடுங்கள். பேசியதற்கு மேல் கொஞ்சம் கொடுத்தாலும் தப்பில்லை.