கடையில் "சரி, இதைத் தாங்க" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி கேட்ட தங்கச்சி அடுத்த மாதம் நுவரெலியாவில் ஒரு தேயிலைக் கடையில் வேலைக்குச் சேரப் போவதாக எழுதியிருக்கிறார். ஒரு பொருளை வாங்கச் சம்மதிக்கும்போது வெள்ளைக்காரர்கள் என்ன சொல்வார்கள், "ஐ வில் பை இட்" என்பதுதான் சரியா, யாராவது ஒன்றைக் கொடுத்தால் எப்படிச் "சரி" என்பது என்று கேட்டிருக்கிறார். நான் அதே டவுனில் ஒன்பது வருடம் தேயிலைக் கடை கவுன்டரில் நின்றவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் "ஐ வில் பை இட்". அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கடைக்குள் நின்று பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒன்பது வருடத்தில் நான் அதிகம் கேட்டது "ஐல் டேக் இட்". இரண்டு பெட்டி வேண்டுமென்றால் "ஐல் டேக் டூ". நாலைந்து டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினால் "ஐல் டேக் திஸ் வன்". வாங்குவது என்ற சொல்லே அதில் வராது, எடுத்துக்கொள்வதுதான் வரும். நாமும் அப்படித்தானே? சேலைக் கடையில் "இதை விலை கொடுத்து வாங்குகிறேன்" என்றா சொல்கிறோம், "இதையே எடுத்துக்கிறேன்" என்கிறோம்.

அந்த "ஐல்" முக்கியம். "ஐ வில்" என்று முழுதாக, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னால் அடம்பிடிப்பது போலவோ சபதம் எடுப்பது போலவோ கேட்கும். சுருக்கி "ஐல்" என்றால் "இப்போதுதான் யோசித்தேன், சரி, எடுத்துக்கொள்கிறேன்" என்ற பொருள். அந்த நிமிடத்தில் எடுத்த முடிவுக்குத்தான் அது. வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்தவர் வேறு மாதிரிப் பேசுவார்: "ஐ ஆம் கோயிங் டு கெட் சம் டீ ஃபார் மை மதர்". அவர் இன்னும் உங்களிடம் எதையும் வாங்கவில்லை, வாங்கப் போகிறார். அதைக் கேட்டதும் பில் போட ஓடக்கூடாது, டின்களை எடுத்துக் காட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்குப் பல மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. நாம் சம்மதத்தைச் சொல்லும்போது கடைக்காரரைத்தான் வேலை செய்யச் சொல்கிறோம். "ஒன்னு தாங்க", "அரைக் கிலோ போடுங்க", "சரி, கட்டுங்க". சிங்களத்தில் "எகக் தென்ன" என்பதும் இதே வழிதான். இந்தப் பேச்சில் மரியாதை முழுவதும் கடைசியில் வரும் அந்த "ங்க"வில் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் "ங்க" கிடையாது. அதனால் "ஒன்னு தாங்க" என்பதை அப்படியே தூக்கி "கிவ் மீ வன்" என்று வைத்தால் "ங்க" கொட்டிப்போய் "ஒன்னு தா" மட்டும் மிஞ்சும். நம் பிள்ளைகள் மரியாதையாகப் பேசுவதாக நினைத்துச் சொல்வார்கள், கேட்பவருக்கு அதட்டலாக விழும். "ஐ வான்ட் வன் டீ" என்பதும் அப்படித்தான். ஆங்கிலக்காரர் எதிரில் இருப்பவரை ஏவாமல், தான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறார்: ஐல் டேக் இட். அல்லது கேள்வியாகக் கேட்கிறார்: "கேன் ஐ ஹேவ் வன், ப்ளீஸ்?" நம்முடைய "ங்க" அவர்களிடம் அந்த "ஐல்" உள்ளேயும் "ப்ளீஸ்" உள்ளேயும் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குப் பாடமாக்க வேண்டிய வேலையே குறைந்துபோனது.

சாப்பாட்டுக் கடையில் "டேக்" கொஞ்சம் விலகி "ஹேவ்" வரும். "ஐல் ஹேவ் த ரைஸ் அண்ட் கறி", "ஐல் ஹேவ் எ பிளேன்டீ". அமெரிக்கர்கள் "கேன் ஐ கெட்" என்பார்கள். இரண்டு ரொட்டி வைத்துவிட்டு இன்னும் வேண்டுமா என்று கேட்டால் "தேட்ஸ் ஆல், தேங்க்ஸ்" என்பது "போதுங்க".

பேரம் பேசுகிற இடத்துக்கு வேறு சொற்கள். ஏப்ரல் சீசனில் சுவெட்டர் விற்கிற இடத்தில் நின்று பாருங்கள். கடைக்காரர் 3500 என்பார், வந்தவர் 2800 என்பார், கடைசியில் 3000-த்தில் வந்து நிற்கும். அப்போது "ஓகே, டீல்" அல்லது "டன்" என்று சொல்லிக் கை நீட்டுவார்கள். விலை குறைக்க முடியாததற்கு நீங்கள் ஒரு காரணம் சொல்லி, அது நியாயம் என்று பட்டால் "ஃபேர் இனஃப்" என்பார்கள். அது பாதிச் சம்மதம்தான். அதன் பிறகு "ஐல் டேக் இட்" வருகிறதா என்று பொறுத்திருக்க வேண்டும்.

சிலர் வாங்குகிறவராக இருந்துகொண்டே "சோல்ட்!" என்று சொல்வார்கள். முதல் தடவை எனக்குக் குழப்பமாக இருந்தது, விற்பது நான்தானே? ஏலத்தில் சுத்தியலைத் தட்டி ஏலம் விடுகிறவர் சொல்லும் சொல் அது. "நீங்கள் சொன்னதில் நான் விழுந்துவிட்டேன், எடுத்துக்கொள்கிறேன்" என்ற பொருளில் வாங்குகிறவரும் அதைக் கடன் வாங்கிக்கொள்கிறார். இந்தச் சொல் நமக்கு அந்நியம் இல்லை. நம் அம்மாமார் கிள்ளிய கொழுந்து தூளானதும் கொழும்புக்குப் போய் ஏலத்தில்தான் விலைபோகிறது. 1883-இல் தொடங்கிய ஏலம் அது. சுத்தியல் தட்டி நடந்தது 2020-இல் கொரோனா வந்தபோது கணினிக்கு மாறியது. மலையில் கூடை சுமப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை, ஆனால் அவர்கள் கிள்ளியதற்கு விலை அங்கேதான் விழுகிறது.

இனி, யாராவது ஒன்றைக் கொடுக்கும்போது எப்படிச் "சரி" என்பது. நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான், நானும் இழந்தேன்.

நம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? "தேத்தண்ணி குடிக்கிறியா?" "வேணாங்க மாமி, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்." "அட, ஒரு வாய் குடி, ஊத்திட்டேன்." அப்புறம் வாங்கிக் குடிப்போம். முதல் "வேணாம்" வெறும் மரியாதை. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். கேட்ட உடனே "சரி" என்றால் பறக்கிற பிள்ளை என்று ஆகிவிடும்.

எனக்குப் பத்தொன்பது வயது. முதல் வேலை ஒரு விருந்தினர் விடுதியில். ஜூலை மாதம், மழையும் மூட்டமுமாகக் கை விறைக்கிற குளிர். இங்கிலாந்திலிருந்து வந்து ஐந்து நாள் தங்கியிருந்த வயதான அம்மா ஒருவர், புறப்படுகிற காலையில் என்னைக் கூப்பிட்டார். கட்டிலின் மேல் ஒரு நீலக் கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது. பொத்தான்கள் மரத்தில் செய்தவை, கழுத்துப்பட்டியில் சின்னதாக வெள்ளைப் பின்னல். "வுட் யூ லைக் திஸ்?" என்று கேட்டார். எனக்கு நெஞ்செல்லாம் அதன்மேல்தான். வாய் மட்டும் வீட்டில் பழகியபடி "நோ, நோ, இட்ஸ் ஓகே மேடம்" என்றது. அடுத்த தடவை கேட்பார், அப்போது வாங்கிக்கொள்வோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் "ஓ, ஆல்ரைட் தென்" என்று சொல்லிச் சட்டையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். அவர் முகத்திலும் ஒரு வாட்டம் இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பார். இரண்டாம் தடவை கேட்டால் என்னைக் கட்டாயப்படுத்துவது போல ஆகும் என்பது அவருடைய மரியாதை. இரண்டு பேருமே மரியாதையாக நடந்துகொண்டோம், சட்டை மட்டும் நானுஓயா ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறிவிட்டது. வீட்டில் சொன்னபோது அம்மா, "நானா இருந்தாலும் ரெண்டாந்தரம் கேக்கட்டும்னுதான் நின்னிருப்பேன்" என்றார்.

அதனால் சொல்கிறேன் தங்கச்சி, ஆங்கிலத்தில் ஒருவர் ஒன்றைக் கொடுக்க வந்தால், வேண்டுமென்றால் முதல் தடவையிலேயே வாயைத் திறந்து சொல்லுங்கள். "எஸ், ப்ளீஸ்." இந்த இரண்டு சொல் போதும். இன்னும் மனதாரச் சொல்ல "தேட் வுட் பி லவ்லி", "ஐட் லவ் வன்". தயக்கம் இருந்தால் "இஃப் யூ ஆர் ஷ்யூர்" என்று சேர்த்துக்கொள்ளலாம். "நீங்கள் நிஜமாகத்தான் தருகிறீர்கள் என்றால் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஆகும். நம்முடைய முதல் "வேணாம்" செய்கிற வேலையை, இல்லை என்று சொல்லாமலே அது செய்துவிடும். எனக்குத் தெரிந்து நம் பழக்கத்துக்கு மிக அருகில் வருகிற ஆங்கிலப் பேச்சு இதுதான். வேண்டாம் என்றால் "நோ, தேங்க் யூ". எஸ்ஸுக்கு ப்ளீஸ், நோவுக்கு தேங்க் யூ என்று ஜோடியாக மனதில் வைத்துக்கொண்டால் குழம்பாது.

"இட்ஸ் ஓகே" என்னை ஏமாற்றியதற்குக் காரணம் நம் "பரவாயில்லை". குடை வேணுமா என்றால் "பரவாயில்லை" என்கிறோம், அது வேண்டாம் என்பது. சின்னச் சைஸ்தான் இருக்கிறது என்றால் "பரவாயில்லை, தாங்க" என்கிறோம், அது சரி என்பது. ஒரே சொல் இரண்டு பக்கமும் போகும். ஆங்கிலத்தில் ஒன்றைக் கொடுக்கும்போது "இட்ஸ் ஓகே", "ஐம் ஃபைன்", "ஐம் குட்" என்று பதில் வந்தால் மூன்றுமே வேண்டாம் என்றுதான். "குட்" என்ற சொல்லைக் கேட்டு இன்னொரு கப் ஊற்றிவிடாதீர்கள். கடையில் "ஐல் லீவ் இட், தேங்க்ஸ்" என்றால் வாங்கவில்லை. "ஐல் திங்க் அபவுட் இட்" என்றாலும் பெரும்பாலும் திரும்பி வரமாட்டார்கள். சிரித்து வழியனுப்புங்கள், விரட்டிப் பிடித்து விலை குறைக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிர், "நோ" என்று தொடங்கிச் சம்மதத்தில் முடிகிற இடம். "டு யூ மைன்ட் இஃப் ஐ பே பை கார்ட்?" என்று கேட்பார்கள். கார்டில் கட்டினால் உங்களுக்குத் தொந்தரவா என்பது கேள்வி. சரி என்பதற்கு "நோ, நாட் அட் ஆல்" என்று சொல்ல வேண்டும், "எஸ்" என்றால் மறுத்ததாகிவிடும். "பரவாயில்லை"க்குள்ளும் "இல்லை" இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கேன் யூ ராப் இட்?" என்று கேட்டால் நாம் தலையைத் தோளுக்குத் தோள் மெல்ல ஆட்டுவோம். நமக்கு அது முழுச் சம்மதம். அவர்களில் பலருக்கு அது "முடியாது" போலவோ "தெரியாது" போலவோ தெரியும். ஒருவர் அப்படிப் பார்த்துவிட்டுக் காகிதம் சுற்றாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன். தலை ஆடட்டும், கூடவே "ஷ்யூர்" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.

"அக்செப்ட்" என்ற சொல்லைக் கடைச் சாமானுக்குப் பயன்படுத்த வேண்டாம். அது மன்னிப்புக்கும் அழைப்புக்கும் வேலைக்கும் உரியது. உங்களுக்கு இப்போதே அது தேவைப்படும். கடையிலிருந்து வேலைக்கு எடுத்ததாகக் கடிதமோ மெசேஜோ வந்திருந்தால் வெறும் "ஓகே" அனுப்பாதீர்கள். "தேங்க் யூ ஃபார் த ஆஃபர். ஐ ஆம் ஹேப்பி டு அக்செப்ட் இட்" என்று எழுதி, எந்தத் தேதியில் வருவீர்கள் என்பதையும் கீழே போட்டு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.